கழுத்தில் கட்டி: குடும்ப வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும்?

அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தால், பென்டில் ஹில்லிலும் டண்டினோங்கிலும் நம்மவர் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. "ஊரிலும் இருந்ததுதானே" என்று விட்டுவிடுகிறோம். அல்லது புற்றுநோய்தான் என்று முடிவுகட்டி அழுகிறோம். இரண்டுமே பிழை.

தைரொயிட் சுரப்பியில் வரும் கட்டிகள் மிகச் சாதாரணமானவை. பெண்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் அதிகம். நூறில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்ல.

குடும்ப வைத்தியர் முதலில் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் எழுதுவார். முடி, நகத்துக்கென்று பயோட்டின் குளிசை எடுப்பவர்கள் அதை முன்னரே சொல்ல வேண்டும். இரத்த முடிவை அது குழப்பக்கூடும். டி.எஸ்.எச். குறைவாக இருந்தால் அணுமருத்துவ ஸ்கான் தேவைப்படும். அதில் அளவுக்கு மீறிச் சுரப்பதாகத் தெரியும் கட்டி புற்றுநோயாக இருப்பது அரிது.

மற்றவற்றில் ஊசி குத்திச் சோதிப்பதா என்பதைக் கட்டியின் தோற்றமும் அளவும் தீர்மானிக்கும். பரவலாகப் பயன்படும் டி-ரேட்ஸ் முறைப்படி, மிகச் சந்தேகத்துக்குரியதை 10 மில்லிமீற்றரிலும், நடுத்தரமானதை 15இலும், குறைந்த சந்தேகமுள்ளதை 25இலும் இருந்து சோதிப்பார்கள். ஊசி முடிவு பெதெஸ்டா 1 முதல் 6 வரை வரும். 2 என்றால் தீங்கற்றது, 6 என்றால் புற்றுநோய். 1 என்பது நல்ல செய்தி அல்ல; மாதிரி போதவில்லை, பெரும்பாலும் திரும்பவும் எடுக்க வேண்டும்.

அறிகுறி இல்லாமலே ஸ்கான் கேட்டு அலைவதும் வேண்டாம். தென்கொரியாவில் அப்படித் தேடியதால், 2011இல் கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோய் 1993ஐவிட 15 மடங்கானது, இறப்போ குறையவில்லை.

ஆனால் குரல் கரகரப்பு, விழுங்கக் கஷ்டம், வேகமாக வளரும் கட்டி, கழுத்தில் நெறிகட்டல், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு, குடும்பத்தில் இந்த நோய் ஆகியவற்றை முதல் நாளே சொல்லுங்கள். இவை இருந்தால் நிபுணரிடம் விரைவாக அனுப்புவார்கள். மூச்சு இரைந்து திணறினால் 000.

இவற்றைச் சொல்லப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். மகனுக்கு முன்னால் அம்மா எல்லாவற்றையும் சொல்லமாட்டார். டிஸ் நாஷனல் சேவையில், 131 450 இலக்கத்தில், வைத்தியரே தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம்.

விசா சிக்கலால் மெடிகேர் இல்லாதவர்களும் பேசாமல் இருந்துவிட வேண்டாம். மெல்பேர்ணில் அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டரிடமும், சிட்னியில் அசைலம் சீக்கர்ஸ் சென்டரிடமும் வழி கேட்கலாம்.