ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு பெயர்: தனிவடிவ மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களைச் செய்தவர்களைத் தேடி

1970-களில் கலிபோர்னியாவில் உருவான தனிவடிவ மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பாதி ஹார்லி-டேவிட்சன், பின்பாதி ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார். நீண்டு சரிந்த ஃபோர்க் அஞ்சல்வழி உதிரிபாகக் கடையில் வாங்கியது. இருக்கையோடு சேர்ந்த உடற்கூடு ஃபைபர் கிளாஸ். பெட்ரோல் டேங்க்கில் ஒரு பெயர், எஞ்சினில் ஒரு பெயர், ஃபோர்க்கில் வேறொரு பெயர். இவற்றில் எதுவும் அந்த வண்டியைச் செய்தவரின் பெயர் அல்ல. ஆனாலும் இத்தகைய வண்டி விற்பனைக்கு வரும்போது, ஏற்கெனவே புகழ்பெற்ற யாரோ ஒருவரின் பெயரை அதன்மேல் ஏற்றிவிடும் வழக்கம் வலுவாக இருக்கிறது. புகழ்பெற்ற பெயருக்கு விலை உண்டு என்பதே காரணம்.

மூன்று சக்கர வண்டியின் நூறாண்டு வரலாற்றில் தயாரிப்பாளரின் அடையாளம் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலில் அது வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) கழுத்தில் அறைந்த தகட்டில் இருந்தது. பிறகு எஞ்சின் கூட்டில் பொறித்த எண்ணுக்கு வந்தது. கடைசியில், இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டிய வெல்டிங்குக்கு இடம்பெயர்ந்தது. வண்டி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்தால்தான் எங்கே குனிந்து பார்ப்பது என்று தெரியும்.

இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே இருந்தது. பாரிஸுக்கு அருகே பியூட்டோவில் இருந்த டி டியோன்-பூட்டோன் நிறுவனம் 1890-களின் நடுவில் பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. ஜார்ஜ் பூட்டோன் வடிவமைத்த சிறிய, வேகமாகச் சுழலும் எஞ்சின் அதன் பின் ஆக்ஸிலோடு பொருந்தியிருந்தது. நிறுவனம் வண்டியை மட்டும் விற்கவில்லை, எஞ்சினைத் தனியாகவும் பிற தயாரிப்பாளர்களுக்கு விற்றது. பர்மிங்ஹாமின் ஏரியல் நிறுவனம் 1898-இல் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியில் இருந்ததும் டி டியோன் எஞ்சின்தான். ஆகவே கிராங்க்கேஸில் டி டியோன் என்று இருப்பதால் வண்டியும் டி டியோன் ஆகிவிடாது. அக்காலத்து வண்டியைச் செய்தவரைச் சட்டத்தின் கழுத்துத் தகட்டிலும், குழாய்களை இணைத்த முறையிலும்தான் தேட வேண்டும். தகடு விழுந்துபோன வண்டிகளில் தேடலுக்கு மிஞ்சுவது இணைப்புகள் மட்டுமே.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. ஹார்லி-டேவிட்சன் 1932-ஆம் ஆண்டு மாடலாகச் சர்வி-காரை அறிமுகப்படுத்தியது. 45 கன அங்குல ஃபிளாட்ஹெட் எஞ்சின், அதாவது சுமார் 740 சி.சி., பின்னால் இரு சக்கரங்கள், அவற்றின் மேல் ஒரு பெட்டி, ரிவர்ஸ் கியர். நோக்கம் மிக எளியது. பழுதுபார்க்கும் கடையின் ஆள் வாடிக்கையாளர் வீட்டுக்குச் சர்வி-காரில் போவார். அதை வாடிக்கையாளரின் காருக்குப் பின்னால் இழுவைக் கம்பியில் மாட்டிவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு கடைக்குத் திரும்புவார். இரண்டு ஆள் செய்யும் வேலையை ஒருவர் முடித்துவிடலாம். போட்டி நிறுவனமான இந்தியனும் அதே 1930-களின் தொடக்கத்தில் டிஸ்பாட்ச் டோ என்ற வண்டியை இதே வேலைக்காக விற்றது. பின்னாளில் சர்வி-காரை அதிகம் பயன்படுத்தியவர்கள் நகரக் காவல் துறையினர். நிறுத்தியிருந்த கார்களின் டயரில் சாக்கட்டியால் கோடு போட்டு, நேர வரம்பை மீறியவற்றைக் கண்டுபிடிக்க அது வசதியாக இருந்தது. இதன் தயாரிப்பு 1973 வரை நீடித்தது.

நாற்பது ஆண்டு ஓடிய ஒரு வண்டிக்குள் மாற்றங்கள் ஏராளம். அவைதான் காலத்தைச் சொல்கின்றன. பின்சக்கர பிரேக் 1951-இல் ஹைட்ராலிக் ஆனது. முன் ஃபோர்க் 1958-இல் ஸ்பிரிங்கரிலிருந்து டெலஸ்கோப்பிக்குக்கு மாறியது. ஹார்லி வண்டிகளில் முதன்முதலாக எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது 1964 சர்வி-காரில்தான். இரும்புப் பெட்டி 1967-இல் ஃபைபர் கிளாஸாயிற்று.

எண்ணும் அவ்வாறே பேசும். 1970-க்கு முந்தைய ஹார்லிகளில் அதிகாரப்பூர்வ எண் எஞ்சின் கூட்டின் இடப்பக்க மேடையில் மட்டுமே இருக்கும். 58G என்று தொடங்கினால் 1958-ஆம் ஆண்டின் சர்வி-கார் எஞ்சின் என்று பொருள். சட்டத்தில் எண் கிடையாது. 1970 முதல்தான் சட்டத்திலும் பொறித்தார்கள். இந்த ஒரு விவரம் பின்னாளில் பெரிய குழப்பத்துக்கு வழிவிட்டது. சர்வி-காரின் 45 எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிய பான்ஹெட் எஞ்சினைப் பொருத்தினால், பதிவு விதிப்படி அந்த வண்டி புதிய எஞ்சினின் ஆண்டையும் எண்ணையும் பெற்றுவிடும். சட்டம் பழையதாகவே இருந்தாலும் காகிதத்தில் அது வேறு வண்டி. எண் திருத்தப்பட்டதா என்று பார்க்கக் கூட்டின் அடிவயிற்றைத் துடைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பாதிகளிலும் தொழிற்சாலை பொறித்த ஜோடி எண்கள் அங்கே இருக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் மேலே உள்ள எண் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நம்புவதற்கில்லை.

45 எஞ்சின் நம் நாட்டிலும் மூன்று சக்கரத்தில் ஓடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கழித்துவிடப்பட்ட ராணுவ ஹார்லிகளை வெட்டிப் பயணிகள் இருக்கை சேர்த்து டெல்லிப் பட்டறைகள் செய்த ஃபட்ஃபட்டி வண்டிகள் 1990-களின் இறுதிவரை ஓடின. அவற்றைச் செய்த கைகளின் பெயர் எந்த எண்மேடையிலும் இல்லை.

காவல் துறை கழித்த சர்வி-கார்கள் மலிவாகக் கிடைத்ததால் அமெரிக்க இளைஞர்கள் அவற்றை வாங்கிப் பெட்டியைக் கழற்றி எறிந்து, ஃபோர்க்கை நீட்டி, தங்கள் ரசனைக்கேற்ப மாற்றினார்கள். இந்தப் போக்கைக் காட்சிப்பொருளாக உயர்த்தியவர் எட் ராத். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய மேவுட்டில் பட்டறை வைத்திருந்த அவர், அவுட்லா, பீட்னிக் பேண்டிட் போன்ற கார்களால் ஏற்கெனவே பெயர் பெற்றவர். 1967-இல் சாப்பர்ஸ் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மெயில் பாக்ஸ், கேண்டி வேகன், அமெரிக்கன் குரூசர் ஆகிய, ட்ரைக் எனப்படும் மூன்று சக்கர வண்டிகள் அவர் செய்தவை. அந்தக் காலத்துத் தனிவடிவ ட்ரைக் எதைப் பார்த்தாலும் ராத் பெயரைச் சொல்லத் தோன்றுவது இதனால்தான். ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்வது ராத்துக்கும் நியாயமில்லை, உண்மையில் செய்தவருக்கும் நியாயமில்லை.

இதைச் சோதிக்க ஒரு வழி உடற்கூட்டின் உட்பக்கத்தில் இருக்கிறது. ராத் பிளாஸ்டர் கலவையால் வடிவத்தை வார்த்து, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் பூசி, பிறகு உள்ளிருக்கும் பிளாஸ்டரை உடைத்து எடுப்பார். இப்படிப் பிறந்த கூட்டில் வெளிப்பக்கம் முழுக்கப் புட்டி பூசித் தேய்த்த தடயம் இருக்கும். வழவழப்பைக் கை கொண்டுவந்தது, அச்சு கொண்டுவரவில்லை. அச்சில் வார்த்து விற்ற கூட்டில் நிலைமை நேர்மாறு. வெளியே ஜெல்கோட் என்னும் மெல்லிய பிசின் படலம், உள்ளே கை வைத்தால் குத்தும் நார்ப் பாய். பளபளக்கும் மெட்டல்ஃப்ளேக் துகள்கள் இருந்தால் கவனிக்க வேண்டியது அவை இருக்கும் அடுக்கு. ஜெல்கோட்டுக்குள்ளேயே கலந்திருந்தால் கூடு அச்சுக்கடையிலிருந்து நிறத்தோடு வந்தது. பெயின்டுக்கு மேலான வார்னிஷில் மிதந்தால் யாரோ ஒரு பெயின்டர் பின்னர் தெளித்தது. உடைந்த விளிம்பொன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அச்சுக்கூடு என்று தெரிந்த பிறகும் வேலை முடியாது. நியூபோர்ட் பீச்சைச் சேர்ந்த புரூஸ் மேயர்ஸ் 1964-இல் பீட்டிலை அடிப்படையாக வைத்து மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற மணற்குன்று வண்டியை உருவாக்கினார். அவருடைய காப்புரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. விற்ற கூட்டிலிருந்தே அச்செடுத்துப் பலர் நகல்களை விற்றார்கள். ஃபைபர் கிளாஸ் கூட்டின் வடிவம் யாருடைய கைக்கும் சாட்சி சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மேங்க்ஸ் திறந்த கதவு வழியாகவே பீட்டிலின் பாகங்கள் ட்ரைக் உலகத்துக்குள்ளும் வந்தன. 1968-இல் மட்டும் அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் விற்றன. விபத்தில் சிக்கியவை பழைய இரும்புக் கடைகளில் குவிந்தன. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே தொகுதி. ரேடியேட்டர் தேவையில்லை. ரிவர்ஸ் கியர் உள்ளேயே இருக்கிறது. பின்பாதியை அறுத்து எடுத்து மோட்டார் சைக்கிள் முன்பாதியோடு ஒட்டிவிட்டால் ட்ரைக் தயார்.

அறுத்து எடுத்தபோது ஒரு முக்கியமான இழப்பு நேர்ந்தது. பீட்டிலின் சேஸிஸ் எண் பின் இருக்கைக்கு அடியில், நடுச் சுரங்கத்தின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். ட்ரைக் செய்பவருக்கு அந்தப் பகுதி தேவைப்படாது. எண் இருக்கும் துண்டே குப்பைக்குப் போய்விடும். அதனால்தான் ஒருவரின் ஆவணத்தில் பழைய பீட்டிலின் எண்ணும், இன்னொருவரின் ஆவணத்தில் முன்பாதி மோட்டார் சைக்கிளின் எண்ணும், மூன்றாமவருடையதில் மாநில அரசு புதிதாகக் கொடுத்த எண்ணும் காணப்படுகின்றன. பதிவு ஆவணம் வண்டியைச் சொந்தமாக்கிக்கொண்டவரைத்தான் காட்டும்.

காலத்தை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்களில் 1967 மாடல் வரை சக்கரத்துக்கு ஐந்து போல்ட், 1968 முதல் நான்கு. 1969 மாடல் முதல் பழைய ஊசல் ஆக்ஸிலுக்குப் பதிலாக இருபுறமும் இரட்டை மூட்டுள்ள ஆக்ஸில் வந்தது. எஞ்சின் எண் H என்று தொடங்கினால் 1967-இல் அறிமுகமான 1500 சி.சி. வகை. ஆனால் எஞ்சின் அடிக்கடி மாற்றப்படும் பொருள், ஆக்ஸில் அப்படியல்ல. நான் ஆக்ஸிலின் சாட்சியத்தையே முதலில் எடுப்பேன். இரட்டை மூட்டு ஆக்ஸில் உள்ள வண்டியை 1967-இல் யாரோ செய்தார் என்று குடும்பக் கதை சொன்னால், கதையை ஒதுக்கிவைக்க வேண்டியதுதான்.

செய்தவரின் கை தெரிவது இரண்டு தொழிற்சாலைகளும் வேலை செய்யாத இடத்தில். மில்வாக்கியின் ஹார்லி தொழிற்சாலையில் யாரும் ஹார்லிச் சட்டத்தைப் பீட்டிலின் டார்ஷன் குழாயோடு ஒட்டவில்லை, வோல்ஃப்ஸ்பர்க்கின் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையிலும் ஒட்டவில்லை. அந்த இணைப்பு முழுக்க முழுக்கப் பட்டறைக்காரருடையது. அங்கே வைத்த முக்கோணத் தாங்குத் தகடு எந்த வடிவில் வெட்டப்பட்டது, மூலைகளை உருட்டினாரா விட்டுவிட்டாரா, கேஸ் வெல்டிங்கா ஆர்க் வெல்டிங்கா, தையல் ஒரே வீச்சில் போனதா விட்டுவிட்டுப் போனதா என்பவை எல்லாம் கையெழுத்தைப் போல மாறாதவை. இதே அளவு முக்கியம் கியர் இணைப்புக் கம்பி. பீட்டிலில் அது சுரங்கத்துக்குள் ஓடும். ட்ரைக்கில் சுரங்கமே இல்லாததால் ஒவ்வொருவரும் தானே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கிளட்ச் மிதியையும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் தாங்கும் மிதித்தகடு, ஆக்ஸிலரேட்டர் கம்பி போகும் பாதை எல்லாமே அப்படிக் கைக்கணக்கில் பிறந்தவை.

இரண்டு வண்டிகளில் இந்த மிதித்தகட்டின் துளைகள் ஒரே இடைவெளியில் இருந்தால், இரண்டும் ஒரே ஜிக்கில் வைத்துத் துளைக்கப்பட்டவை என்று கருத இடமுண்டு. அது தொடர்ந்து வண்டி செய்த ஒரு பட்டறையையோ, ஒரே இடத்திலிருந்து வாங்கிய கிட்டையோ காட்டும். இதில் எது என்று முடிவுசெய்யத் தாங்குத் தகடுகளையும் ஒப்பிட வேண்டும். கிட்டில் வந்த பாகம் ஒன்றுபோல இருக்கும், அதைச் சட்டத்தோடு ஒட்டிய வெல்டிங் ஆளுக்கு ஆள் மாறும்.

வாய்மொழிச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஈஸி ரைடர் படத்தின் வரலாறு கண்முன்னே இருக்கிறது. 1969-இல் வெளிவந்த அந்தப் படத்தின் கேப்டன் அமெரிக்கா இருசக்கர வண்டிதான், ஆனால் சிக்கல் இதே சிக்கல். அவ்வண்டிகளை வடிவமைத்துச் செய்ததில் கிளிஃபோர்ட் வாக்ஸ், லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின மெக்கானிக் பென் ஹார்டி ஆகியோரின் பங்கு பல பத்தாண்டுகள் பொதுவெளியில் பேசப்படவே இல்லை. உலகமே அறிந்த மோட்டார் சைக்கிளின் நிலையே இதுவானால், பெயரில்லாத ட்ரைக்குகளைச் செய்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2014-இல் அந்த வண்டி என்று சொல்லி ஒன்று 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்குச் சான்றளித்த டான் ஹேகர்ட்டி முன்பே வேறொரு வண்டிக்கும் அதே சான்றை அளித்திருந்தது தெரியவந்து சர்ச்சை எழுந்தது. சாட்சி படப்பிடிப்புக் காலத்திலிருந்தே வண்டிகளோடு தொடர்புடையவர். அப்படிப்பட்டவரின் கையொப்பமும் உலோகத்தின் சாட்சியத்துக்கு ஈடாகவில்லை.

பழைய புகைப்படங்கள் வாய்மொழியைவிட மேல், ஆனால் எதை ஒப்பிடுவது என்பதில் கவனம் தேவை. ஈஸிரைடர்ஸ் போன்ற 1970-களின் பத்திரிகைகளில் வண்டிகளைப் பக்கவாட்டில் நிறுத்திப் படமெடுத்தார்கள். பெயின்டும் குரோமும் நன்றாகத் தெரியும், அவை இரண்டும்தான் மாறக்கூடியவை. படத்தில் தேட வேண்டியது மிதித்தகட்டின் விளிம்பு, ஃபோர்க் கழுத்தின் சரிவு, டேங்க்கைத் தாங்கும் பட்டையின் வளைவு. இவற்றில் மூன்று நான்கு ஒத்துப்போய், இணைப்பின் வெல்டிங்கும் அறியப்பட்ட வேறொரு வண்டியோடு பொருந்தினால், பெயரைச் சொல்லலாம். ஒன்று மட்டும் பொருந்தினால், இன்ன பட்டறையின் பாணி என்று மட்டும் எழுதலாம். எதுவும் பொருந்தாத வண்டிக்கு அருங்காட்சியகப் பலகையில் ஹார்லி-டேவிட்சன் என்று மட்டும் எழுதிவிடுவது எளிது. அதற்குப் பதிலாக, முன்பாதி எந்த ஆண்டின் ஹார்லி, பின்பாதி எந்த ஆண்டுக்குப் பிந்தைய பீட்டில், இணைத்தவர் பெயர் அறியப்படாத பட்டறைக்காரர் என்று மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும்.