ஜீன் ரிச்சியின் பாடல்களும் நிலக்கரி நாடும்

அமெரிக்க நாட்டுப்பாடல்களின் சரித்திரத்தை எழுதுவோர் கெண்டக்கி மாநிலத்து ஜீன் ரிச்சிக்கு (1922–2015) வழங்கும் ஸ்தானம் பெரும்பாலும் வீட்டுப் பரணில் உள்ள பழம்பெட்டிக்கு வழங்கும் ஸ்தானமே. கடல் கடந்து வந்த முன்னோர் கொணர்ந்த இங்கிலாந்து, ஸ்காத்லாந்துக் கதைப்பாடல்களைச் சிதையாது காத்து, 1952இல் வெளிவந்த தம் முதல் இசைத்தட்டின் வாயிலாக உலகுக்கு அளித்தவர் என்றும், ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அப்பாடல்களின் மூலங்களைத் தேடிப் பிரிட்டிஷ் தீவுகளுக்குச் சென்றவர் என்றும் அவரைப் போற்றுவார்கள். இப்புகழ் பொய்யன்று, ஆயினும் முழுமையுடையதன்று. அவர் தாமே இயற்றிய பாடல்களே அவருடைய கீர்த்திக்குத் தலையாய ஆதாரம் என்பதும், பழம்பாடல்களிடம் அவர் கற்ற கதைசொல்லும் முறையே அவற்றுக்குக் கவித்துவ வலிமையைத் தந்தது என்பதும் என் துணிபு.

கம்பர்லாந்து மலைப்பகுதியில், பெர்ரி கவுண்டியைச் சேர்ந்த வைப்பர் என்னும் சிற்றூரில், பதினான்கு குழந்தைகளுள் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். மடியில் கிடத்தி வாத்தின் இறகுத்தண்டால் மீட்டும் டல்சிமர் என்ற தந்திவாத்தியத்தைத் தந்தையார் வாசிப்பதைக் கேட்டே வளர்ந்தார். ஒரு தந்தி பாட்டைப் பாட, ஏனையவை இடையறாது சுருதி கூட்டும் அவ்வாத்தியத்தின் தன்மைக்கு, குழைவும் அதிர்வும் சேர்க்காத அவருடைய நேரிய குரல் பெரிதும் இயைந்தது. 1917இல் இங்கிலாந்திலிருந்து வந்த செசில் ஷார்ப் என்ற தொகுப்பாசிரியர் ரிச்சி குடும்பத்துப் பெண்கள் பாடக் கேட்டு எழுதிக்கொண்ட செய்தி அறிஞர் அறிந்ததே. அவர் நாடி வந்தது பழைய ஆங்கிலப் பாட்டு. ஆனால் அவர் வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1912இல், அப்பிரதேசத்தின் முக்கிய ஊராகிய ஹாஸர்டுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்துவிட்டது. நிலக்கரி ஏற்றிய ரெயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. தொகுப்பாளர்கள் பழமையின் உறைவிடமென்று கருதிய அதே பள்ளத்தாக்கு, அதே ஆண்டுகளில், இயந்திர நாகரிகத்தின் வாயிலும் அகப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே பாட்டில் வைத்ததே ரிச்சியின் சாதனை.

லூயிவில்–நாஷ்வில் ரெயில் இனி இங்கே நிற்பதில்லை என்னும் கருத்தையே தலைப்பாகக் கொண்ட அவருடைய பாடல் இதற்குத் தக்க சான்று. சுரங்கத் தொழிலாளி ஒருவன் மகனை மடியிலமர்த்தி, பள்ளி சென்று எழுத்துப் படி, என்னைப்போல் கரித்தூசியில் உழலாதே என்று அறிவுரை கூறுகிறான். பின்னர்ச் சுரங்கம் மூடப்படுகிறது. கரி படிந்திருந்த தந்தையின் முகம் வெளுத்துப்போகிறது. அவ்வெண்மையே வறுமையின் அடையாளமாகிவிடுகிறது. இறுதியில் மகன் கம்பெனி அலுவலகத்துக்கு, முன்போலவே, கூலி வாங்கச் செல்வதாகக் கனாக் காண்கிறான். கட்டடத்தைக் கொடி மூடிக்கிடக்கிறது. அந்த ‘முன்போலவே’ என்ற குறிப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். தந்தையின் அறிவுரை பயனற்றுப்போயிற்று, மகனும் சுரங்கத்துள் இறங்கியவனே என்பதை அக்குறிப்பொன்றே உணர்த்துகிறது. எப்போது இறங்கினான், ஏன் இறங்கினான் என்று பாடல் ஓரிடத்தும் சொல்லவில்லை. இடைநிகழ்ச்சிகளைத் தாண்டிச் சென்று, கேட்போர் தாமே அவற்றை நிரப்பிக்கொள்ளுமாறு விடுவதும், யார்மீதும் தீர்ப்புக் கூறாது நிகழ்ச்சியை மட்டும் முன்வைப்பதும் பழைய கதைப்பாடல்களின் சிறப்பியல்பு. அவ்வியல்பே இங்கே மன்னர்களையும் வஞ்சிக்கப்பட்ட காதலியரையும் விடுத்து வேலையிழந்த தொழிலாளியின் கதைக்குத் துணைசெய்கிறது. தான் வெறுத்த கரித்தூசிக்கே அவன் ஏங்கி நிற்பதைக் காட்டும் அப்பாடல், ஒரு பிரதேசம் தன்னைச் சுரண்டிய தொழிலையே நம்பி வாழ நேர்ந்த அவலத்தைப் பல நூல்களினும் செவ்விதாக உரைத்துவிடுகிறது. 1979இல் ஜானி காஷ் இதனைப் பாடி வெளியிட்டார்.

இத்தகைய பாடல்களை அவர் முதலில் தம் பெயரால் வெளியிடவில்லை. தாய்வழிப் பாட்டனார் பெயரைச் சுருக்கி ’தன் ஹால் என்னும் ஆண்பெயரை மேற்கொண்டார். ஓர் ஆடவன் இயற்றியதென்றால் உலகம் செவிசாய்க்கும் என்ற எண்ணமும், அரசியற் சர்ச்சை தம் முதிய தாயை வருத்தலாகாது என்ற பரிவும் இதற்குக் காரணங்களாயின. பழம்பாடலைப் பாடும் பெண்ணை மனமுவந்து ஏற்ற சமூகம், கம்பெனிகளைப் பற்றிப் பாட்டுக் கட்டும் பெண்ணை அவ்வாறு ஏற்குமென்று அவரால் நம்பக்கூடவில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானதே என்று இன்றும் கருத வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

கருநீரைப் பற்றிய அவருடைய மற்றொரு பாடல், மலைமுகட்டைப் பெயர்த்துக் கரியெடுக்கும் திறந்தவெளிச் சுரங்கத்தால் ஓடைகள் நஞ்சாவதைக் கூறி முறையிடுவது. முன் தலைமுறையினர் அற்ப விலைக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த கனிமப் பத்திரங்களைக் காட்டி, நிலத்துக்குரியவரின் சம்மதமின்றியே கம்பெனிகள் மேல்மண்ணை அகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. 1988இல் கெண்டக்கி வாக்காளர் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்திய பின்னரே அவ்வழக்கம் கட்டுப்படுத்தப்பட்டது. கதைப்பாடலின் அடக்கத்தைக் கைவிட்டு நேரே வாதாடுவதால் கலையளவில் இப்பாடல் முன்னதற்குச் சற்றுத் தாழ்ந்ததென்பேன். ஆயினும் போராடிய மக்களிடையே பரவியது இதுவே.

நெடுங்காலம் நியூயார்க் பக்கத்தில் வாழ்ந்து, நகரத்து அவைகளில் பாடியவருடைய ஆக்கங்களை நாட்டுப்பாடல் எனல் தகுமோ என்று ஆட்சேபிப்பார் உளர். ஆசிரியர் வாழ்ந்த முகவரியைக்கொண்டு பாடலின் வகையைத் தீர்மானிப்பது ஆராய்ச்சி நெறியாகாது. அவர் போற்றிக் காத்த கதைப்பாடல்களும் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர்களின் நாவிலேயே உயிர்வாழ்ந்தவை. தாம் பயின்ற மரபின் மொழியில், தாம் பிறந்த மலைநாட்டின் சமகாலத் துயரை அவர் பாடினார். அம்மக்கள் அதனைத் தம்முடையதாக ஏற்றனர். இதனினும் வேறு இலக்கணம் வேண்டுவதில்லை. ஆகவே அம்மலைநாட்டுப் பாடல்களை இனித் தொகுப்போர், அவர் குடும்பத்துப் பழம்பாடல்களின் அருகிலேயே, பிற்சேர்க்கையில் தள்ளாமல், அவர் இயற்றியவற்றையும் அவர் பெயராலேயே அச்சிட வேண்டும்.