டேவிட் பார்னாஸின் பதவி விலகல்

1985 ஜூன் 28 அன்று, கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் பார்னாஸ் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆலோசனைக் குழு ஒன்றிலிருந்து விலகினார். நாளொன்றுக்கு 1000 டாலர் மதிப்பூதியம் தந்த குழு அது. அணு ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் கேடயம் ஒன்றை உருவாக்குமாறு அதிபர் ரீகன் 1983 மார்ச்சில் அறிவியலாளர்களுக்கு அழைப்பு விடுத்திருந்தார். அக்கேடயத்தை இயக்கும் கணினி அமைப்பை ஆராய்வதே குழுவின் பணி.

பார்னாஸைப் போர் எதிர்ப்பாளர் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துக்குப் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர் அவர். அவரது மறுப்பு மென்பொருளைப் பற்றியது. விலகல் கடிதத்துடன் எட்டுச் சிறு கட்டுரைகளை இணைத்து, காரணங்களை விரித்துரைத்தார். எதிரி எத்தகைய ஏவுகணைகளையும் போலி இலக்குகளையும் அனுப்புவான் என்பது முன்கூட்டித் தெரியாது. உண்மைப் போர்ச்சூழலில் நிரலைச் சோதிக்க வழியில்லை. போர் தொடங்கியபின் பிழை திருத்த அவகாசமும் இல்லை. பெரிய நிரல்கள் யாவும் பயன்பாட்டில் பிழைபட்டு, திருத்தப்பட்டே நம்பகம் பெறுகின்றன. இந்நிரலுக்கோ முதல் உண்மையான சோதனை அணுப்போராகவே இருக்கும்.

திட்ட ஆதரவாளர்கள் தொலைபேசி வலையமைப்பைச் சான்று காட்டினர். அது பல பத்தாண்டுகள் நாள்தோறும் பயன்பட்டுத் திருந்திய அமைப்பு என்பதை அவ்வாதம் கணக்கில் கொள்ளவில்லை. (அதுவுமே 1990 ஜனவரி 15 அன்று, ஒரு கட்டளை தவறான இடத்தில் அமைந்திருந்ததால், ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரச் சேவையில் சுமார் 9 மணிநேரம் தடுமாறியது.)

சக அறிவியலாளர்களை உறுத்தியது வேறொரு செய்தி. திட்டம் நிறைவேறாது என்று தனிப்பேச்சில் ஒப்புக்கொண்ட சிலர், எப்படியும் செலவாகப்போகும் பணம் நல்ல ஆய்வுக்குப் பயன்படட்டுமே என்றனர். கேட்கப்பட்ட சிக்கலைத் தீர்க்க இயலாது என்று அறிந்தும், அதைப் பணம் தருபவரிடம் சொல்லாமல் ஊதியம் பெறுவது தொழில் அறத்துக்கு முரண் என்பது பார்னாஸின் நிலைப்பாடு. ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதிய எவரையும் இவ்விடம் சற்று நெருடவே செய்யும்.

குழுவில் எஞ்சியோர் 1985 டிசம்பரில் அளித்த அறிக்கை, அமைப்பை மையப்படுத்தாமல் கட்டினால் மென்பொருள் சாத்தியமே என்றது. பகுதிகளாகப் பிரிப்பதால் சோதிக்க இயலாமை நீங்கிவிடாது என்று பார்னாஸ் மறுத்தார். 1993இல் திட்ட அலுவலகத்தின் பெயரும் நோக்கமும் மாற்றப்பட்டன. அதற்கு அவரது வாதத்தைவிடச் சோவியத் ஒன்றியத்தின் மறைவே முதற்காரணம்.