தென்பெண்ணை போய்ச் சேரும் ஊர்

எங்க அரூர் பக்கம், அனுமன்தீர்த்தத்தைத் தொட்டு ஓடுற தென்பெண்ணை கடலூர்லதான் கடல்ல கலக்குது. அந்தக் கடலூர்க்காரர் அஞ்சலை அம்மாள்.

1857 எழுச்சியைக் கொடூரமா ஒடுக்கின நீல் என்ற அதிகாரிக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில சிலை வச்சிருந்தாங்க. அதை எடுக்கச் சொல்லி 1927-ல நடந்த போராட்டத்துல அஞ்சலை அம்மாள் சிறை போனார். சின்ன மகள் அம்மாக்கண்ணுவும் கூடவே.

பிறகு வேலூர் சிறையில இருந்தப்போ அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு வெளியே விட்டாங்க. பெத்த கையோட, குழந்தையைத் தூக்கிக்கிட்டு மறுபடி சிறைக்கே போனார்.

1937-ல அவர் சட்டமன்றம் போனார். அதே ஆண்டு அந்தச் சிலையை மவுண்ட் ரோட்டில இருந்து எடுத்தாங்க.

'தியாகி'ன்னு ஒருத்தர் பேரை மட்டும் எழுதிடுறோம். அவரோட சிறைக்கணக்குல ரெண்டு பிள்ளைகளும் இருக்காங்க.