பனாபா

பனாபா (ஆங்கிலேயர் இட்ட பெயர் ஓஷன் தீவு) பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, நவூருவிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. கிழக்கே உள்ளது. இன்று கிரிபட்டி நாட்டின் பகுதி. பரப்பு சுமார் 6 சதுர கி.மீ.தான். கிரிபட்டியின் மற்ற தீவுகள் பெரும்பாலும் கடல்மட்டத்தை ஒட்டிய பவளத்திட்டுகளாக இருக்க, இது 80 மீட்டரளவு மேலெழுந்த பவளப்பாறை. ஆறோ ஓடையோ கிடையாது. பாறைக் குகைகளில் தேங்கும் நீரே வறட்சியில் கைகொடுத்தது; அக்குகைகளுக்குள் தவழ்ந்து சென்று சிரட்டைகளில் நீர் முகந்து வருவது பெண்களின் உரிமை, பெண்களின் வேலை.

சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தின் கதவுக்கு முட்டுக்கொடுக்க, நவூருவிலிருந்து வந்த ஒரு கல்லை வைத்திருந்தார்கள். 1899இல் அந்தக் கம்பெனியின் ஊழியர் ஆல்பர்ட் எல்லிஸ் அதைச் சோதித்தபோது அது உயர்தரப் பாஸ்பேட் என்று தெரிந்தது. பனாபாவிலும் அதே வளம் இருக்கக்கூடும் என்று கணித்த அவர் 1900 மே மாதம் அங்கே இறங்கி ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். தீவின் பாஸ்பேட் முழுவதையும் 999 ஆண்டுகளுக்கு வெட்டியெடுக்கும் உரிமை; விலை ஆண்டுக்கு 50 பவுண்டு, அல்லது அந்த மதிப்புக்குக் கடைச்சரக்கு. ‘அரசர்’ என்று அதில் கைநாட்டு வைத்தவருக்குத் தீவு முழுவதன் மேலும் அதிகாரம் கிடையாது. பனாபாவில் நிலம் தனித்தனிக் குடும்பங்களுடையது. அரசர் என்ற பதவியே அங்கு இல்லை. இந்தத் தாளை ஒப்பந்தம் என்பது பெருந்தன்மைதான்.

அடுத்த ஆண்டே பிரிட்டன் தீவைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டது. 1920இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அரசுகளின் கூட்டு அமைப்பு சுரங்கத்தை வாங்கியது. நிலம் தர மறுத்தவர்களிடமிருந்து அதைக் கட்டாயமாக எடுக்க 1928இல் சட்டம் வந்தது. பனாபா மண் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்கு மலிவான உரமானது; தீவில் எஞ்சியவை ஆளுயரத்துக்கும் மேலான சுண்ணாம்புக்கல் கூர்முனைகள்.

1942இல் தீவைப் பிடித்த ஜப்பானியர் மக்களை நவூரு, தராவா, கோஸ்ரே ஆகிய இடங்களுக்கு அனுப்பினர். போர் முடிந்ததும் பிரிட்டன் அவர்களை ஊர் திரும்ப விடவில்லை. 1945 டிசம்பரில், சுமார் 2,000 கி.மீ. தள்ளியிருந்த ஃபிஜியின் ராம்பி தீவில், புயல் பருவத்தில், கூடாரங்களில் குடியேற்றியது. ராம்பி வாங்கப்பட்டதும் பனாபர்களின் சொந்தப் பாஸ்பேட் பணத்தில்தான்.

பனாபர்கள் லண்டனில் வழக்குத் தொடர்ந்தனர். நீதிபதி மெகாரி தீவுக்கே போய்ப் பார்த்தார். 1976இல் அவர் அளித்த தீர்ப்பு பிரிட்டிஷ் அரசின் நடத்தையைக் கண்டித்தது. ஆனால் சட்டப்படி அதன்மேல் பொறுப்பைச் சுமத்தவில்லை. 1979இல் கிரிபட்டி விடுதலை பெற்றது, அதே ஆண்டு சுரங்கமும் மூடப்பட்டது. இன்று பனாபாவில் சில நூறு பேர் வாழ்கின்றனர். ராம்பியில் வாழ்பவர்கள் ஃபிஜி மண்ணில் இருந்தபடியே கிரிபட்டி நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்புகின்றனர்.