குவியலின் அடியில் இருந்த ஈரம்: உத்தரவாதச் சீட்டின் நெடிய வரலாறு



கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரவுப்பணி பார்க்கும் சகோதரர் ஒருவர், நம்மிடம் ஓதும் பிள்ளையின் தந்தை, சென்ற மாதம் மதரஸா விட்ட பிறகு நம்மைத் தேடி வந்தார். வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புபவருக்கு ஒரு குவளை காப்பி தேவை. அதற்கென மின்சாரக் காப்பிக் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். ஓராண்டு உத்தரவாதம் உள்ள அக்கருவி மூன்றாம் மாதமே சூடேற மறுத்துவிட்டது. கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார். சர்வீஸ் சென்டரிலோ வாரண்டி கார்டில் கடை முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினர். "போகட்டும் ஹஜ்ரத், அந்தக் கடைக்காரரும் நம் ஜமாஅத்துக்காரர். அவரிடம் போய் வழக்குப் பேசுவது நன்றாக இருக்குமா?" என்று கேட்டார்.

உரிமையைக் கேட்பது சகோதரத்துவத்துக்கு முரணானதா? இந்தக் கேள்விக்கு நம் வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது. அதை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பியிலிருந்தே தொடங்குவோம். 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருகளில் உறக்கம் வராதிருக்கக் காப்பி அருந்தினர். அந்நாட்டின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தவர் பாபா புதன் என்பது வழிவழி வரும் செய்தி. பிற்காலத்தில் தமிழகத்து வீடுகளில் காப்பி புகுந்தபோது பித்தளை ஃபில்டரும் உடன் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள், நடுவே துளைகள், மேலே ஒரு மூடி. இதற்கு உத்தரவாதச் சீட்டு எதற்கு? வாங்குபவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் குறை நிறை அனைத்தும் தெரிந்துவிடும்.

மின்சாரக் கருவி அப்படியன்று. சூடேற்றும் கம்பியும், வெப்பம் அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டும் உள்ளே மறைந்திருக்கின்றன. வெளியே பளபளப்பு மட்டுமே தெரியும். கண்ணால் காண முடியாத குறைக்கு யார் பொறுப்பு என்பதே உத்தரவாதத்தின் அடிப்படைக் கேள்வி.

அக்கேள்விக்கு மதீனத்துச் சந்தையில் விடை கிடைத்தது. அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி அது. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே காட்டியதே குற்றம்.

மற்றொரு ஹதீஸ் இன்னும் நுட்பமானது. சில நாள் பால் கறக்காமல் மடியைப் பெருக்க வைத்து ஆட்டை விற்பது அக்கால வழக்கம். அவ்வாறு ஏமாந்தவருக்கு அந்த ஆட்டை வைத்துக்கொள்ளவோ திருப்பித் தரவோ உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மூன்று நாள் தவணையும் அறிவிப்புகளில் வந்துள்ளது. திருப்பித் தரும்போது, கறந்து பயன்படுத்திய பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும். விற்றவருக்கும் அநீதி நேரக்கூடாது என்பதைக் கவனியுங்கள்.

இவற்றிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த சட்டமே 'கியாருல் ஐப்', அதாவது குறை கண்டால் திருப்பும் உரிமை. குறை பொருள் கைமாறுவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வாங்கியவர் அதை அறியாதிருந்திருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் மேலும் ஒரு நிபந்தனை உண்டு: குறை தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். தெரிந்த பின்னும் பயன்படுத்திக்கொண்டே இருப்பவர் அக்குறையை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சிட்டுவிட்டால் போதுமா? இதுவும் பழைய வழக்கே. அடிமை வாணிபம் நடந்த அக்காலத்தில், அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை விற்றார்கள். நோய் இருந்ததாக வாங்கியவர் முறையிட, குறை ஏதும் அறியாமலே விற்றதாகச் சத்தியம் செய்யும்படி கலீஃபா உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் சத்தியம் செய்யாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இமாம் மாலிக்கின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது. பொறுப்பைத் துறக்கும் நிபந்தனை, அறிந்தே மறைத்த குறைக்குக் கேடயமாகாது.

இச்சட்டங்களைச் சந்தையில் நிலைநாட்ட 'முஹ்தஸிப்' என்னும் அலுவலர் இருந்தார். எடை, அளவு, கலப்படம் ஆகியவற்றைச் சோதிப்பது அவர் பணி. 1511-இல் மக்காவில் காப்பியை விசாரித்துத் தடை செய்த கைர் பேக் வகித்ததும் இப்பதவியே. அத்தடை நீடிக்கவில்லை, கெய்ரோவின் ஆட்சியாளர்கள் அதைத் தளர்த்தினர். தடை தவறாயினும் பதவியின் நோக்கம் உயர்ந்தது. ஏழையின் சிறு முறையீட்டைக் கேட்க, சந்தைக்கு அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அந்நோக்கம்.

நம் நாட்டில் அத்தகைய இடம் நெடுங்காலம் இல்லை. ஆங்கிலேயர் காலத்து 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற கொள்கையைப் பொது விதியாக வைத்து, சில விலக்குகளை மட்டும் தந்தது. அவற்றைப் பெறவும் உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டும். ஒரு கெட்டிலுக்காக யார் வக்கீல் வைப்பார்? 1986 டிசம்பர் 24-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் மாவட்டந்தோறும் எளிய மன்றங்களைத் திறந்தது. அந்நாளே தேசிய நுகர்வோர் தினமாயிற்று. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

புதிய சட்டம் கூறுவதைப் பாருங்கள். பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. அதன்பின் வெளிப்படும் குறைக்கு உத்தரவாதச் சீட்டு துணை நிற்கிறது. வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 1997-இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து உருவான நம் மாவட்டத்திற்குத் திருவள்ளூரில் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து இலட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை; வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். இணையம் வழியாகவும் மனு அளிக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தாலே பல பிணக்குகள் தீர வழி பிறக்கும்.

கண்ணால் அறிய முடியாத குறையாயின், பொருளை ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்ப்பதன் இக்கால வடிவம் என்றே நமக்கு இது தோன்றுகிறது.

வாங்குபவருக்கும் அமானிதம் உண்டு. தண்ணீரின்றிக் கருவியைக் கொதிக்க விட்டுக் கெடுத்தவர், போர் தண்ணீரின் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும்வரை சுத்தம் செய்யாதவர், அதை மறைத்துத் தயாரிப்புக் குறை என்று வாதிட்டால், அவரும் ஈரத்தை அடியில் வைத்தவரே.

அச்சகோதரரிடம் பில் இருந்தது. வாங்கிய தேதி, கோளாறு, எதிர்பார்க்கும் தீர்வு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பில் நகலை இணைத்து, நாமும் உடன் சென்றோம். "பாய், கம்பெனிதானே பொறுப்பு? நான் விற்றவன்தானே?" என்றார் கடைக்காரர். வாங்கியவருக்குத் தெரிந்த முகம் விற்றவர் முகமே. ஃபிக்ஹின்படி அவர் தம்மிடம் விற்றவரிடமே திரும்புகிறார், கடைக்காரர் தமக்கு விற்றவரிடம் திரும்பட்டும் என்றோம். முத்திரையிட மறந்தது தம் கடையின் தவறு என்பதையும் அவர் மறுக்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்தவர், முத்திரையை எடுத்து அட்டையில் பதித்தார். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, தாமே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். பத்து நாட்களில் பழுது நீங்கி வந்தது. அந்த ஜும்ஆவில் இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றதைக் கண்டோம்.

கேளாமல் மனத்துக்குள் வைத்திருந்தால் அக்குறை கசப்பாக முதிர்ந்திருக்கும். நயமாகக் கேட்டதால் உரிமையும் நிலைத்தது, உறவும் நிலைத்தது. ஆகவே பில்லைக் கேட்டு வாங்குங்கள். அட்டையில் முத்திரையும் தேதியும் இடச் செய்யுங்கள். குறை கண்ட அன்றே தெரிவியுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, ஈரத்தை மேலே வையுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.