சுவடு

கால் எடுத்த பிறகு மண்ணில் மிஞ்சும் தடம்தான் தமிழில் சுவடு. மலையாளத்தில் அதே சொல்லுக்கு எடுத்துவைக்கும் காலடி என்றும் பொருள். 1956 வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு கிடந்த குமரி மாவட்டத்தில் அடிமுறைத் தற்காப்புக் கலை ஆசான்கள் ‘ஒற்றைச்சுவடு’ என்னும்போது காலடிதான் முன்னால் நிற்கிறது: எதிராளி இல்லாமல், வரிசை பிசகாமல் தனியே செய்யும் பயிற்சி. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேரும் இடத்தில், ஈரமணலில் அதைச் செய்துபார்த்தால் தமிழ்ப் பொருளும் கூடவே வந்துவிடும். குதிங்கால் திரும்பிய இடங்களில் மட்டும் குழி ஆழமாக இருக்கும்.

கொரிய ஜெனரல் சோய் ஹோங் ஹி வழிவந்த டேக்வாண்டோவில் இத்தகைய பயிற்சியை ‘துல்’ என்பார்கள். கொரிய மொழியில் அச்சு, சட்டகம் என்று பொருள். நாம் காலைப் பார்த்துப் பெயர் வைத்தோம். அவர்கள் வார்ப்பைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியின் 24 துல்களில், கறுப்புப் பட்டை கட்டியவர் முதலில் பழகுவது ‘குவாங்-கே’. பழைய கொரிய நாடான கொகுர்யோவின் அரசர் ஒருவரின் பெயர் அது. அசைவுகள் 39, அவர் அரியணை ஏறிய 391ஆம் ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள். ஆண்டுக்கணக்கு பார்த்துக் கால் வீசுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் பட்டைத் தேர்வில் இந்த விளக்கத்தையும் கேட்பார்கள்.